உங்களுக்கு மிகவும் பிடித்த ஆக்‌ஷன், க்ரைம் படங்கள் எவை? ஏன் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள்?

ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் 'ஹீட்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 1995-ல் மைக்கேல் மான் எடுத்த படம். கொள்ளைக்காரன் நீல் மெக்காலேயாக ராபர்ட் டி நீரோ, அவனைத் துரத்தும் போலீஸ் அதிகாரி வின்சென்ட் ஹன்னாவாக அல் பசினோ. 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் இருவரும் நடித்திருந்தார்கள். ஆனால் அதில் அப்பாவும் மகனும் என்பதாலும், இருவர் கதையும் வேறு வேறு காலம் என்பதாலும் சேர்ந்து வரும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. 21 வருடம் கழித்து 'ஹீட்'டில்தான் எதிரெதிரே உட்காருகிறார்கள். உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்? காபி குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஹன்னா தனக்கு வரும் கெட்ட கனவைச் சொல்கிறான். மெக்காலே தன் கனவைச் சொல்கிறான். உன்னைச் சுட வேண்டிய நிலை வந்தால் தயங்க மாட்டேன் என்று இருவரும் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் என் நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்வது அங்கேதான்.

இதற்கு நிஜக் கதை ஒன்று உண்டு. சிகாகோவில் சக் ஆடம்சன் என்ற துப்பறியும் அதிகாரி, தான் கண்காணித்துவந்த நீல் மெக்காலே என்ற கொள்ளைக்காரனுடன் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். 1964-ல் ஒரு கொள்ளைக்குப் பிறகு நடந்த துரத்தலில் மெக்காலே சுட்டுக் கொல்லப்பட்டான். துரத்திய போலீஸ்காரர்களில் ஆடம்சனும் ஒருவர். அவர் பின்னாளில் மானின் நண்பரானார், இந்தக் கதையை அவரிடம் சொன்னார். மான் இதே கதையை 1989-லேயே ஒரு டிவி படமாக எடுத்துப் பார்த்திருக்கிறார். மனசு ஆறாமல் மறுபடியும் பெரிதாக எடுத்ததுதான் 'ஹீட்'.

வங்கிக் கொள்ளைக்குப் பிறகு நடுத்தெருவில் நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சண்டையை நல்ல ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் படப்பிடிப்பின்போதே பதிவான வெற்றுத் தோட்டாச் சத்தத்தை மான் அப்படியே வைத்துக்கொண்டார். வெடி கட்டிடங்களில் மோதித் திரும்பி வருவது காதில் விழும். பின்னணி இசை இல்லை. கொள்ளைக் கூட்டத்தில் ஒருவனாக வரும் வால் கில்மர் சண்டைக்கு நடுவே துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியை (மேகஸின்) மாற்றும் கைகளைக் கவனியுங்கள். பல வருடம் அதே வேலையைச் செய்தவனின் கைகள் அவை.

எனக்குப் பிடித்தது இதுதான். தன் வேலையை முழுக் கவனத்தோடு செய்யும் மனிதர்கள். அது திருட்டாக இருந்தாலும், காவலாக இருந்தாலும், கேமராவுக்குப் பின்னால் இருந்தாலும் சரி. ஒருவன் அடித்தால் பத்துப் பேர் பறக்கும் சண்டைகள் எனக்கு ஒட்டுவதில்லை. பறப்பவனுக்கும் வலிக்காது, அடிப்பவனுக்கும் கை வலிக்காது.

இந்த ரசனைக்கு வேர் எங்கே என்று தேடிப் போனால் 1967-ல் பிரெஞ்சு இயக்குநர் ழான்-பியேர் மெல்வில் எடுத்த 'லெ சாமுராய்' வரும். அலென் டெலோன் கூலிக்கொலைகாரன். முதல் பத்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. கார் திருட வருகிறான். ஒரு வளையம் நிறையச் சாவிகள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்க்கிறான். பக்கத்தில் யார் வந்தாலும் முகத்தில் ஒரு தசை அசையாது. அவன் அறையில் கூண்டில் ஒரு சின்னப் பறவை இருக்கும். அவன் இல்லாத நேரத்தில் போலீஸ் வந்து ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்துவைத்துவிட்டுப் போகிறது. திரும்பி வந்தவன் அந்தப் பறவை படபடப்பதைப் பார்த்தே யாரோ வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறான். இதைவிட நல்ல துப்பறியும் காட்சியை நான் பார்த்ததில்லை.

ஜாக்கி சானைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 'போலீஸ் ஸ்டோரி', 1985. இயக்கமும் அவரே. கடைசியில் ஷாப்பிங் மாலின் மேல்தளத்திலிருந்து தாவி, விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக் கீழே சறுக்குகிறார். பல்புகள் வெடிக்க வெடிக்க இறங்கி, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறார். டூப் இல்லை. கைகள் வெந்துபோயின. அந்தத் தாவலை வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார். ஏமாற்றவில்லை, நான்தான் என்று அவர் சொல்வதுபோல இருக்கும். அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடிக்குக் கணக்கே இல்லை.

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) எடிட்டிங்குக்காகவே பார்க்க வேண்டியது. சுமார் 480 மணி நேரக் காட்சிகளை மார்கரெட் சிக்ஸல் இரண்டு மணி நேரமாக வெட்டினார். முக்கியமான விஷயம் திரையின் நடுவில் இருக்கும்படி இயக்குநர் ஜார்ஜ் மில்லர் எடுத்திருப்பதால், ஷாட்டுகள் எவ்வளவு வேகமாக மாறினாலும் கண் தடுமாறாது. 'ஜான் விக்' இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'மேட்ரிக்ஸ்' படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அடி வாங்கியவர் இயக்கினால் கேமரா எங்கே நிற்கும் என்பது அதில் தெரியும். தமிழில் என்றால் எனக்கு 'ஆரண்ய காண்டம்'தான், தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். கதை நடப்பது ஒரே நாளில். அதன் எடிட்டிங்குக்கும் தேசிய விருது கிடைத்தது.

ஹாங்காங் இயக்குநர் ஜான் வூவைக் கடைசிக்கு வைத்தேன். மெல்விலின் பரம ரசிகர். 1992-ல் அவர் எடுத்த 'ஹார்ட் பாய்ல்டு' படத்தின் மருத்துவமனைச் சண்டையில் ஒரு நீண்ட ஷாட் உண்டு. சவ் யுன்-ஃபாட்டும் டோனி லியுங்கும் வெட்டே இல்லாமல் இரண்டரை நிமிடத்துக்கு மேல் சுட்டுக்கொண்டே போகிறார்கள். நடுவில் லிஃப்டில் ஏறி இன்னொரு மாடியில் இறங்குகிறார்கள். உண்மையில் அது அதே மாடிதான். லிஃப்ட் கதவு மூடியிருக்கும் அந்தச் சில நொடிகளில், வெளியே குழுவினர் உடைந்ததையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டுத் தளத்தை வேறு மாடியாக மாற்றினார்கள்.

அந்த அவகாசத்தில் உள்ளே இருவரும் சும்மா நிற்கவில்லை. கதவு மூடுவதற்குச் சற்று முன்புதான் டோனி லியுங் தவறுதலாக ஒரு போலீஸ்காரரைச் சுட்டிருப்பார். சுட்டது யாரை என்று அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. சவ் அவரைத் தேற்றப் பார்க்கிறார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒரு மனிதன் உடைந்துபோய் நிற்கிறான். அப்புறம் கதவு திறக்கிறது, இருவரும் மறுபடி துப்பாக்கியைத் தூக்குகிறார்கள்.