ஜீப்புக்கு 5 கியர் பெட்டி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: அப்பா காலத்து மகிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். 4 கியர், ஃபோர் வீல் டிரைவ். தென்னந்தோப்புக்கும் வேலூர் மார்க்கெட்டுக்கும் அதுதான் ஓடுகிறது. பெங்களூரு ஹைவேயில் 60-ஐத் தொட்டாலே எஞ்சின் கத்துகிறது. பழைய பார்ட்ஸ் கடையில் 5 கியர் பெட்டி ஒன்று மலிவாக வந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் உட்கார்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கியர் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பின் ஹவுசிங்கின் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் கூடு) கிரவுன்-பினியன் கணக்கை, அதாவது அதற்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கரங்களின் ரேஷியோவைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் கத்துவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் தரையில் நிற்கும் பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில், வண்டி டூ வீலில் இருக்கட்டும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக், பின் ஹவுசிங்குக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டையே பிடிக்கும், அதனால் அதை விட்டுவிட வேண்டும். கட்டையை உறுதியாகக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை முழுசாக 2 சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் உங்கள் ரேஷியோ. 5-ஐத் தாண்டிக் கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட வந்தால் 5.38, அதாவது 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும். 5-க்குச் சற்றுக் குறைவாக நின்றால் 4.88, அதாவது 39-க்கு 8.

5.38 என்றே வைத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 455 சுற்று, எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரான நாலாவதில் எஞ்சின் 2,450 சுற்று. ஐந்தாவது கியர் 0.85 ஆக இருந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் 2,080 சுற்றுதான் சுற்றும். இந்த வித்தியாசம் காதுக்கும் தெரியும், டீசல் செலவிலும் தெரியும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் ஐந்தாவது ஓவர்டிரைவாக (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியராக) இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடையிலேயே பெட்டியை ஐந்தாவதில் போட்டு, எஞ்சின் பக்கத்து முன் ஷாஃப்டைக் கையால் 10 முறை சுற்றிப் பாருங்கள். பின் ஷாஃப்ட் பன்னிரண்டு சுற்றை நெருங்கினால் உங்களுக்கு வேண்டிய பெட்டி அது. அதுவும் பத்தே சுற்று என்றால் ஹைவேயில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

கிளட்ச் பிளேட் விஷயத்தில் மெக்கானிக் சொல்வது பாதிதான் சரி. பிளேட்டின் நடு ஓட்டைப் பற்கள் புதுப் பெட்டியின் ஷாஃப்டோடு சேர வேண்டும். வெளி அளவு உங்கள் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் சேர வேண்டும். ஷாஃப்டின் நுனி கிராங்கில் இருக்கும் பைலட் பேரிங்குக்குள் ஆட்டமில்லாமல் நுழைய வேண்டும். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் ஓட்டைகள், ரிலீஸ் பேரிங், கிளட்ச் ஃபோர்க், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று இன்னும் சில இருக்கின்றன. இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும்போது போல்ட் போடாமலே, கையால் தள்ளியே முழுசாக உட்கார வேண்டும். இடைவெளி நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்க விடாதீர்கள். ஷாஃப்ட் நீளம் கூடி கிராங்கில் முட்டிக்கொண்டிருக்கலாம். இழுத்தால் பெல் ஹவுசிங் விரிசல் விடும், இல்லையென்றால் கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போகும். பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு அங்கே செலவாகும்.

உங்களுடையது ஃபோர் வீல் என்பதால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். டூ வீல் வண்டியில் கழற்றிய பெட்டியின் பின்முனையில், முன் பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்ட இடம் இருக்காது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அடுத்தது, புதுப் பெட்டி நீளம் கூடுதலாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் நகரும். அப்போது பின் புரொபெல்லர் ஷாஃப்டைக் குறைத்து முன் ஷாஃப்டை நீட்ட வேண்டியிருக்கும். லேத்தில் வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது, பேலன்ஸும் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் 50-க்கு மேல் வண்டி முழுக்க அதிரும், யூ-ஜாயின்ட் அடிக்கடி போகும்.

பெட்டிக்குப் பதில் பின் ஹவுசிங்கை வேறு ரேஷியோவுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், முன் ஹவுசிங்கும் அதே ரேஷியோவுக்கு மாறுகிறதா என்று கேளுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறாக இருந்து, கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். முன் சொன்ன சக்கரக் கணக்கை முன்பக்கத்துக்கும் செய்து பாருங்கள். பல கை மாறிய ஜீப்பில் இது ஏற்கெனவே மாறிக் கிடக்கலாம்.

அதனால் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டாம். ஒரே வண்டியில் கழற்றிய பெல் ஹவுசிங், கிளட்ச் செட், ஃபோர்க், டிரான்ஸ்ஃபர் கேஸ், லீவர், இரண்டு புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்த செட்டாகக் கேளுங்கள். சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருந்தாலும் போய் வாருங்கள். பூட்டிய பிறகு 80-ல் போகத் தோன்றும். அதற்கு முன் நாலு சக்கரப் பிரேக்கையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மாருதி 800-ல் 4 கியர். ஆல்டோவின் 5 கியர் பெட்டியைப் போட்டால் மைலேஜ் கூடுமா?
— வாசகி, காட்பாடி

பதில்: முன் சக்கரத்தில் ஓடும் வண்டி என்பதால் டிஃபரன்ஷியலும் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். ரேஷியோவைத் தனியாகத் தேட வேண்டாம். ஆனால் டிரைவ் ஷாஃப்ட், மவுன்ட், கியர் ராடு, கிளட்ச் பிளேட் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஊருக்குள் ஆபீஸ் போய் வரும் வண்டி என்றால் இந்தச் செலவு மைலேஜில் திரும்பி வராது. இருக்கிற பெட்டியில் பேரிங்கும் சிங்க்ரோ வளையமும் மாற்றி, நல்ல ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: 'ஓடுற பெட்டி' என்று சொல்லி விற்றார்கள். பூட்டிய மறுநாளே மூன்றாவது கியர் கழன்று விழுகிறது. பில் இல்லை. கடைக்காரர் கையை விரிக்கிறார்.
— வாசகர், ஆற்காடு

பதில்: பில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது, பெட்டி எண்ணின் போட்டோ எல்லாமே சாட்சிதான். பெட்டியைப் பிரிக்காமல், கியர் கழல்வதை வீடியோ எடுத்து வையுங்கள். பிரித்துவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். முதலில் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டிலாவது பெட்டி எண், எந்த வண்டியில் கழற்றியது, எத்தனை நாள் கேரண்டி என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.