ஷெட்டில் தூங்கும் கான்டெஸா

கேள்வி: ஜெயநகரில் ஒரு ஷெட்டில் இசுஸு எஞ்சின் போட்ட பழைய கான்டெஸா கார் 10 வருஷமாக நிற்கிறது, கூடவே 2 மூட்டை பார்ட்ஸ். வாங்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சாவியைத் திருப்பிவிடாதீர்கள். 4 ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வறண்ட பிஸ்டன் ரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

எஞ்சினைவிட பாடிதான் கையைக் கடிக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடி ஓரமாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் போய், ஓட்டையை அடைக்கப் பூசிய வெறும் பட்டிதான் இருக்கிறது.

மூட்டையில் டெயில் லேம்ப், கண்ணாடி பீடிங் (ஓர ரப்பர்) இருந்தால் விடாதீர்கள். பிரேக் ரப்பர் மட்டும் பழையதைப் போடக் கூடாது, பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புதிதாகத் தேடுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போகவில்லையா? ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.