மேல் 30 மீட்டரில் இருக்கிறது வேலை

இயற்பியல் முடிக்கப்போகும் மகள் நிலநடுக்கவியல் படிக்க விரும்புகிறாள்; அவளுடைய பெரியப்பாவோ, வீட்டை அடமானம் வைத்தாவது பெட்ரோலியப் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. பெரியப்பாவின் யோசனை நியாயமானதல்ல.

எண்ணெய் விலை 2014இல் சரியத் தொடங்கியதும் நிறுவனங்கள் முதலில் கைவைத்தவற்றுள் புதிய வயல்களைத் தேடும் ஆய்வுச் செலவும் ஒன்று. அதை நம்பியிருந்த புவி இயற்பியலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். 2020இலும் அதுவே நடந்தது. இப்படி ஏறி இறங்கும் துறையை நம்பி வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

பல்கலைக்கழகம், அரசு கண்காணிப்பு மையம் ஆகிய வழிகள் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது கட்டுமானத்துக்கான நிலத்தடி ஆய்வு. அணை, பாலம், சுரங்கப்பாதை எதுவானாலும் கட்டுவதற்கு முன் கீழே மண்ணா பாறையா என்று தெரிய வேண்டும். தரையில் வரிசையாக 24 ஜியோபோன்களை (நில அதிர்வை உணரும் சிறு கருவிகள்) ஊன்றி, இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, அதிர்வு வந்துசேரும் நேரத்தைப் பதிவு செய்வார்கள். அதிலிருந்து பாறையின் ஆழம் தெரியும். மேற்பரப்பு அலைகளை ஆராய்ந்தால் மேல் 30 மீட்டரில் எஸ் அலையின் (நிலத்தைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் அதிர்வலை) சராசரி வேகமும் கிடைக்கும். பல நாடுகளின் கட்டட விதிகள் இந்த வேகத்தை வைத்தே நிலத்தை வகைப்படுத்துகின்றன. அமெரிக்காவின் முந்தைய விதிகளில் நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே இருந்தால் அது மென்மண்; 760க்கு மேல் பாறை என்று இருந்தது. நிலநடுக்கத்தில் ஒரு கட்டடம் எவ்வளவு அதிர்வைத் தாங்க வேண்டும் என்ற கணக்கு இந்த எண்ணையும் சார்ந்தது. எவ்வளவு பொறுப்பான வேலை பாருங்கள்!

'நிலநடுக்கவியலாளர்' என்று மட்டும் தேடினால் இந்த வேலைகள் கண்ணில் படாது. ஜியோடெக்னிக்கல் (கட்டுமானத்துக்காக மண்ணையும் பாறையையும் ஆராயும்) ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரங்களில் கள ஆய்வாளர், தரவுப் பகுப்பாய்வாளர் போன்ற பெயர்களில் தேட வேண்டும். அவள் இன்றே பைத்தான் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கட்டும். நிலநடுக்கப் பதிவுகளை அதில் ஆராய உதவும் ஆப்ஸ்பை மென்பொருள் இலவசம். உலகின் பல நிலையங்களுடைய நிலநடுக்கப் பதிவுகளும் இலவசம். தானே ஆராய்ந்து எழுதிய ஓர் அறிக்கை நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் மாணவர் கையில் கருவியைத் தராத படிப்புக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். களப்பயிற்சி எத்தனை நாள் என்று துறையிடமே கேளுங்கள்.

வெயிலில் கேபிள் சுமப்பதும் வாரக்கணக்கில் வெளியே தங்குவதும் தனக்கு ஒத்துவருமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். வரும் விடுமுறையில் ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளராகச் சென்று பார்க்கட்டும். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.