ஒரு தடவைதான் கேட்பார்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உங்கள் ஜெர்மன் மேலாளர் வீட்டுக்குப் போனீர்கள், காபி வேண்டுமா என்றார், 'இருக்கட்டும் சார்' என்றீர்கள், அதோடு விட்டுவிட்டார். இது அவமதிப்பா என்று கேட்கிறீர்கள். இல்லைங்க. நீங்கள் சொன்னதை அவர் அப்படியே நம்பினார், அவருக்கு மரியாதை என்றால் அதுதான். முதல் தடவை மறுப்பது நம் ஊர்ச் சடங்கு. ஈரானில் இதற்குத் தாரோஃப் என்று பெயரே உண்டு. டாக்சிக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்பார் (நம்பி இறங்கிப் போய்விடாதீர்கள்). அதற்காக ஜெர்மன்காரர்கள் எல்லாருமே இப்படி என்று முத்திரை குத்தவும் வேண்டாம். எங்கள் மல்லேஸ்வரம் மாமாவும் ஒரே தடவைதான் கேட்பார், அது சுத்தக் கஞ்சத்தனம்! அடுத்த முறை கேட்டதும் 'வேண்டும், சர்க்கரை தூக்கலாக' என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அவர் உங்கள் வீட்டுக்கு வந்து போதும் என்றால் மூன்றாவது இட்லியை வைக்காதீர்கள். பாவம், மரியாதைக்காகத் தின்று தொலைப்பார்.