'கன்வே' என்று எழுதியிருந்தால் காணி கைக்கு வந்துவிட்டதா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "ஏழு பேர்ச்சஸ் காணி சம்பந்தமாக இங்கிலீஷில் கடிதம் வந்தது. 'வி விஷ் டு கன்வே அவர் டிஸிஷன்' என்று இருக்கிறது. டவுனில் ஒருவர் வாசித்துவிட்டு, கன்வே என்றால் காணியை எழுதிக் கொடுத்தாயிற்று, பதிவுக்கு 15,000 ரூபாய் வேணும் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

"எங்கள் முடிவைத் தெரிவிக்கிறோம்", அவ்வளவுதான் அந்த வரி. முடிவு என்ன என்பது அதற்குக் கீழே இருக்கும். சம்மதமாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். வாசித்தவர் அதைச் சொல்லவேயில்லை, பார்த்தீர்களா?

ஃபெக்டரியில் கன்வேயர் ஓடுமே, கொழுந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அதே சொல்தான். எதைச் சேர்க்கிறார்கள் என்று பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். டிஸிஷன், மெசேஜ், தேங்க்ஸ் என்று வந்தால் தெரிவிப்பது. லேண்ட், டைட்டில் என்று வந்தால் சட்ட பாஷையில் உரிமையை மாற்றிக் கொடுப்பது. அந்த இரண்டாவது அர்த்தத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். இப்படிக் கடிதத்தோடு என் மேசைக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே காசைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சரி, லேண்ட் என்றே இருந்தாலும் கடிதம் காணி உறுதிப் பத்திரம் ஆகாது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி கைமாற, உறுதி எழுதும் நொத்தாரிஸ், இரண்டு சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் கையெழுத்து வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகக் கேளுங்கள். அரசாங்கமே தரும் அளிப்புப் பத்திரத்துக்கு நொத்தாரிஸ் தேவையில்லை. தோட்டத்து ஆட்களுக்கு இது முக்கியம். ஆனால் அதுவும் பத்திரம்தான், கடிதம் இல்லை. உங்கள் பெயரும் எந்தக் காணி, எவ்வளவு என்ற விபரமும் அதில் இருக்கும். "பத்திரம் பிறகு வரும், காசை இப்போது கொடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

1987இல் தமிழும் அரச கரும மொழியானது. இன்னும் தோட்டத்து லயன் வீடுகளுக்கு இங்கிலீஷில் கடிதம் அனுப்பினால் தரகருக்குத்தானே அது வசதி? எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

பதில் எழுதும்போது 'கன்வே மீ' என்று தொடங்காதீர்கள், அது பிழை. முதலில் எதை, அப்புறம் 'டு' போட்டு யாருக்கு. இப்படி எழுதுங்கள்: 'ப்ளீஸ் கன்வே யுவர் டிஸிஷன் டு மீ இன் டமில்.'