அகதிக் குடும்பத்துக்கு வீட்டுச் சாமான் கொடுப்பது: எதைக் கொடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிறோம். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளிலிருந்து புதிதாக வரும் அகதிக் குடும்பங்களுக்கு எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் தளபாடங்கள், சமையல் சாமான்களைக் கொடுக்க விருப்பம். எப்படிக் கொடுப்பது?

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் காரில் ஏற்றுவதற்கு முன், அந்தக் குடும்பம் எந்த வழியில் கனடா வந்தது என்று விசாரியுங்கள். யாரிடம் கொடுப்பது, எதைக் கொடுப்பது எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சிலரைத் தனியார் குழுக்கள் ஸ்பான்சர் செய்து கூப்பிடுகின்றன. 1979இல் வியட்நாம் பக்கத்து அகதிகள் வந்தபோது பெரிதாகத் தொடங்கிய ஏற்பாடு இது. ஐந்து பேராவது சேர்ந்த குழுவோ ஒரு தேவாலயமோ மசூதியோ பொறுப்பெடுத்தால், முதல் ஒரு வருடம் வாடகை, சாப்பாடு, தளபாடம் எல்லாம் அவர்கள் தலையில். தளபாடம் இலவசமாகக் கிடைத்தால், குழு தன் கையில் இருப்பதாக அரசுக்குக் காட்ட வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கழிக்க அரசு விடுகிறது. ஆகவே உங்கள் கட்டிலுக்கு அங்கே உண்மையிலேயே காசுப் பெறுமதி உண்டு. இன்னும் சிலரை அரசே கூட்டி வருகிறது. முதலில் ஹோட்டலிலோ தற்காலிக விடுதியிலோ தங்கவைத்து, குடியேற்ற அமைப்பு ஒன்று வீடு தேடிக் கொடுக்கும். 2015 டிசம்பர் தொடங்கி சில மாதங்களுக்குள் வந்த 25,000 சிரியர்களில் பெரும்பகுதி இப்படி வந்தவர்கள்தான்.

மூன்றாவது வழி, தாங்களாக வந்து இறங்கி இங்கே அகதிக் கோரிக்கை வைப்பவர்கள். எங்கள் ஆட்களில் பலர் வந்த வழி இதுதான். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர்களுக்கும் ஸ்பான்சர் யாரும் இல்லை. 2023 கோடையில் ரொறன்ரோ பீட்டர் வீதி ஷெல்டர் அலுவலகத்துக்கு வெளியே, நடைபாதையில் படுத்துக்கிடந்த ஆப்பிரிக்க அகதிகளுக்கும் இல்லை. அவர்களில் பலரைக் கடைசியில் தேவாலயங்கள்தான் எடுத்து வைத்துக்கொண்டன. இவர்களுக்கு ஷெல்டரிலிருந்து ஒரு பேஸ்மென்ட் கிடைக்கும்போது கையில் இருப்பது சாவி மட்டும்தான். என்னைக் கேட்டால், முதலில் இவர்களைத் தேடிக் கொடுங்கள். ஷெல்டரிலோ அகதிகள் விடுதியிலோ வேலை செய்யும் ஒருவரிடம் "யார் வீடு மாறுகிறார்கள்?" என்று கேட்டால் போதும்.

2016இல் ஒரு சிரியக் குடும்பத்தைக் கூப்பிட்ட குழுவில் நானும் இருந்தேன். சாமான் சேர்க்கும் வேலை எனக்கு. அப்போது தெரிந்தது: சோபாவும் காப்பிக் கோப்பையும் பொம்மையும் கேட்காமலே வரும். பெட்டி மாதிரியான பழைய ரீவி வைக்கும் பெரிய அலுமாரியை ஊரெல்லாம் கொடுக்க நிற்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. வராத சாமான்கள் வேறு. குளியலறைத் திரைச்சீலையை யாருமே நினைப்பதில்லை. அது இல்லாமல் முதல் குளிப்பிலேயே தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கும். நல்ல கத்தி, டின் திறப்பான், விளக்குமாறு, குப்பைப் பை, பல்ப், ரொயிலட் அடைப்பு எடுக்கும் பம்ப், புதிய தலையணை, அப்பார்ட்மென்ட் லாண்டரி மெஷினுக்குப் போடச் சில்லறை. எல்லாம் சேர்த்தாலும் உங்கள் பழைய சோபாவை வான் பிடித்து அனுப்பும் செலவு வராது. முதல் இரவு வீட்டுக்குள் நுழைபவர்களுக்கு வேண்டியது இவைதான்.

குசினிச் சாமானில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆப்கான் வீடுகளில் பிரஷர் குக்கர் எங்கள் வீட்டைப் போலவே அன்றாடச் சாமான். பெரிய சோற்றுப் பானை, தேநீர் ஊற்றி வைக்கும் பெரிய ஃபிளாஸ்க் இரண்டுக்கும் மதிப்பு அதிகம். வெள்ளைக்கார நண்பர்கள் அன்போடு கொண்டுவரும் இருவர் அளவுச் சட்டி, ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கு என்னத்துக்கு? ரொயிலட்டில் தண்ணீர் எடுக்க மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளை ஒன்றும் வாங்கி வையுங்கள். எங்கள் குழுவில் அதை யாரும் பட்டியலில் போடவில்லை, நான் சொன்னதும் சிரித்தார்கள். சிரியக் குடும்பத்து அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அதைக் கண்டுதான் முதலில் தலையாட்டினார். முஸ்லிம் குடும்பம் என்றால், ஹலால் அல்லாத இறைச்சி வெட்டிப் பழகிய மரப் பலகையைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இங்கே அது ஒழுங்காகச் சுற்றாது.

சில சாமான்களுக்கு 'இல்லை' என்று சொல்லியே ஆக வேண்டும். பாவித்த மெத்தை வேண்டாம்; மூட்டைப்பூச்சி தையலுக்குள் இருந்தால் வெளியே தெரியாது. பிள்ளையின் கார் சீற்றில் காலாவதித் தேதி பொறித்திருக்கும், பாருங்கள். தேதி இருந்தாலும், ஒரு விபத்தில் அடிபட்ட சீற் என்றால் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்கும் பழைய தொட்டில்களைக் கனடா 2016 கடைசியில் தடைசெய்துவிட்டது. சில்லு வைத்த பேபி வாக்கருக்கு 2004இலிருந்தே தடை. "என் மூன்று பிள்ளையும் இதில்தான் வளர்ந்தது" என்று ஒரு மாமி சண்டைக்கு வந்தார். வளர்ந்தது சரி, சட்டம் சட்டம்தான்.

பெரிய சாமானில் எனக்குப் பிடித்தது கட்டிலும் சாப்பாட்டு மேசையும். கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளை ஒரு பையில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். திருகாணி தொலைந்த கட்டில் விறகு. இன்னொன்று, சாமான் கிடைப்பதைவிட அதைத் தூக்க ஆளும் வானும் கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலான அப்பார்ட்மென்ட்களில் சாமான் ஏற்ற எலிவேட்டரை முன்கூட்டியே புக் பண்ண வேண்டும். நேரம் தவறினால் சோபா கீழே லாபியில் நிற்கும், கட்டிடத்தைப் பார்க்கும் சுப்பரின்டென்டன்ட் கத்துவார். கொடுக்க ஒன்றுமே இல்லை என்றாலும், வான் ஓட்டத் தெரிந்தால் ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. ரொறன்ரோவில் 1998இலிருந்து 'ஃபர்னிச்சர் பேங்க்' என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி தொடங்கியது. சமூக சேவை அமைப்புகள் அனுப்பும் குடும்பங்கள் அங்கே போய்த் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து எடுக்கக் கட்டணம் வாங்குவார்கள், வருமான வரிக்கு ரசீதும் தருவார்கள். நேரடியாக ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் படத்தை அனுப்பி "இது வேண்டுமா?" என்று கேளுங்கள். மொழிபெயர்க்கும் ஆளிடம், "வேண்டாம் என்றாலும் பரவாயில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள், பிறகு வீட்டில் நடக்க இடமிருக்காது. இறக்கி வைத்ததும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடாமல் புறப்பட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் சோபா குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால், அவர்களுக்குச் சம்பளம் வரத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.