வாசகர் கேள்வி: ஒரே பொந்தில் கிளியும் கிளைடரும்

கேள்வி: டாஸ்மேனியாவில் சுகர் கிளைடர் என்ற சின்னப் பிராணி ஒரு கிளி இனத்தையே அழித்து வருகிறதாமே? அது நம் மலைக்காட்டுப் பறக்கும் அணிலின் வகையா? இரண்டில் எதைக் காப்பாற்றுவது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அணிலுக்கும் அதற்கும் உறவே இல்லை. அது கங்காருவின் வரிசையில் வரும் பைப்பாலூட்டி. பின்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒரே தோலுக்குள் ஒட்டியிருக்கும், நகங்கள் மட்டும் தனித்தனி. குட்டி 16 நாளில் அரிசி மணி அளவில் பிறந்து, ஏறத்தாழ 70 நாள் தாயின் பைக்குள் வளரும். சுகர் கிளைடர் என்று ஒரே பெயரில் அழைத்ததை 2020-ல் மூன்று இனங்களாகப் பிரித்துவிட்டார்கள்.

அந்தக் கிளியின் பெயர் ஸ்விஃப்ட் கிளி. அதன் தோற்றமும் ஏமாற்றும். நாக்கு நுனி தூரிகை மாதிரி இருப்பதால் தேன் குடிக்கும் லோரிகீட் என்றே தோன்றும். மரபணுப்படி ரோசெல்லா கிளிகளுக்குத்தான் நெருக்கம். அதன் பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியில்) வேறு இனமே கிடையாது. அதாவது, இது போனால் ஒரு பேரினமே போய்விடும்.

எனவே டாஸ்மேனியாவில் காக்க வேண்டியது கிளியைத்தான். கிளைடர் அந்தத் தீவுக்குச் சொந்தமில்லை. 1830-களில் மெல்போர்ன் பக்கத்திலிருந்து கொண்டுபோனது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது பரவலாக இருக்கிறது. கிளியோ டாஸ்மேனியாவில் மட்டுமே முட்டையிடும். 2015-லேயே அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. கிளைடர் இரவில் பொந்துக்குள் நுழைந்து முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. தாய்கள் சாவதுதான் பெரிய இழப்பு. ஆண்கள் மிஞ்சுகின்றன, ஜோடி குறைகிறது.

பொந்தின் வாயைச் சிறிதாக்கினால் போதாதா என்று தோன்றும். கிளி நுழையும் ஓட்டையில் கிளைடரும் நுழைந்துவிடும். அதனால் கிளிக்காக மரத்தில் மாட்டிய கூடுபெட்டிகளில் ஒளியுணரி வைத்த தானியங்கிக் கதவைப் பொருத்திப் பார்த்தார்கள். இருட்டியதும் மூடும், விடிந்ததும் திறக்கும். கிளி பகலில் திரியும், கிளைடர் இரவில் திரியும் என்பதால் இது பலித்தது. டாஸ்மேனியாவை ஒட்டிய, கிளைடர் இல்லாத புரூனி, மரியா தீவுகளில் கதவே தேவையில்லை.

ஆனால் பெட்டி மட்டும் போதாது. முதிர்ந்த காடு அடர்ந்த இடங்களில் கூடுகள் அதிகம் பிழைக்கின்றன. பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே அந்த மரங்களை வெட்டாமல் விடுவதுதான் முதல் வேலை. பெட்டி வைப்பவர்களும் மரத்தின் பூமொட்டுகளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நீலத் தைல மரமோ கறுப்புத் தைல மரமோ எங்கே பூக்கிறதோ அங்கேதான் கிளி கூடு கட்டும். போன ஆண்டு பெட்டி வைத்த காட்டில் இந்த ஆண்டு ஒரு மொட்டும் இல்லாமல் போகலாம்.